பத்துச் சுற்றும் ஒரு தோணிப் பங்கும்

கோயம்புத்தூருக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தின் கம்பி வேலியருகே நின்ற அந்த நடுப்பகலில் என் காது என்னை ஏமாற்றிவிட்டது. பெட்ரோல் கார் மறுகோடியில் இருந்தாலும், ஓட்டுபவர் எந்த வளைவில் காலைத் தளர்த்துகிறார் என்பது வரை சத்தத்திலேயே தெரிந்தது. என் தங்கையின் கணவர் ஓட்டிய மின்சாரக் காரிலிருந்து டயர் உரசும் ஒலியைத் தவிர எதுவும் வரவில்லை. அதனால் அது தளர்ந்துகொண்டிருந்ததை நான் தாமதமாகத்தான் அறிந்தேன்.

மாப்பிள்ளை கப்பலில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். இனிக் கடல் வேண்டாம் என்று தூத்துக்குடிக்குத் திரும்பியவர், வந்த சில மாதங்களில் ஒரு காரியம் செய்தார். மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணி ஒன்றில் அவருடைய அப்பா விட்டுச்சென்ற பங்கை விற்று, இரண்டே பேர் உட்காரக்கூடிய மின்சார ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டார். நான்கு சக்கரங்களுக்கு இரண்டு இருக்கைகள் என்பதே எனக்குப் பொறுக்கவில்லை. தங்கைக்குப் பொறுக்காதது வேறு. மாமனார் கடைசிவரை விடாமல் வைத்திருந்த பங்கு அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் தம்பி பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர். வாய் சும்மா இருக்காது.

“இது காராண்ணே, கரண்ட் அடுப்பா? நாலு சுத்துல பால் பொங்கிரும்.”

“ஏலே, கத்துத கத்துக்கு ஓடணும்னா ஒன் வண்டி இந்நேரம் கொழும்புக்கே போயிருக்கணும்.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த தங்கை கரண்டியை வைத்தாள். “ரெண்டு பேரும் வாயில ஓட்டாதிய. பத்துச் சுத்து ஓடுங்க. தம்பி ஜெயிச்சா மாமா பங்கு திரும்ப இந்த வீட்டுக்கு வரணும். எப்படி வாங்குவியளோ, எனக்குத் தெரியாது.”

“வாங்கித் தாரேன்ளா, போதுமா?” என்றார் மாப்பிள்ளை. அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்கும் தெரியும்.

தடத்தில் முதல் மூன்று சுற்றுகளைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது மின்சாரக் கார் பாய்ந்த பாய்ச்சலைப் பெட்ரோல் காரால் நெருங்க முடியவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் இடைவெளி கூடுவதை எண்ணிக்கொண்டே வந்தேன். நான்காவதில் கூடவில்லை. ஐந்தாவதில் பாதியாகிவிட்டது. ஆறாவதில், நேர்ப்பாதையில், தம்பி சாவகாசமாகக் கடந்து போனார். பத்து முடிந்தபோது மாப்பிள்ளை முக்கால் சுற்று பின்னால் வந்துகொண்டிருந்தார்.

தம்பிக்குச் சிரிக்கவும் வரவில்லை. “அண்ணே, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இன்னொருக்கா ஓடுவோம். இது கணக்குல வேண்டாம்.”

“பேசினது பேசினதுதாம்லே,” என்று மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார்.

திரும்பும் வழியில் அவரே காரணத்தைச் சொன்னார். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன் எண்ணெயை முழுக்க நிரப்ப வேண்டும், எஞ்சினைச் சூடாக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், ஓடுவதற்குச் சற்று முன்புதான் பேட்டரியை வேக சார்ஜரில் நூறு சதவீதம் ஏற்றியிருக்கிறார். போதாததற்கு, வெயிலில் இரண்டு சுற்று ஓட்டிச் சூடாக்கியும் இருக்கிறார். நிறைந்த பேட்டரியில் பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. சூடேறிய பேட்டரியோ தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிட்டது. “எல்லாத்தையும் முறையாச் செஞ்சேன் மச்சான். கப்பலுக்கு உண்டான முறை,” என்றார்.

காரை விற்கப் பார்த்தார். மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்தவர்கள் பேட்டரியின் வயதைத்தான் கேட்டார்கள். அது ஓடும் ஓட்டத்தை ஒருவரும் கேட்கவில்லை. பாதி விலைகூட வரவில்லை. தடத்தில் மூன்று சுற்று எவரையும் தோற்கடிக்கக்கூடிய வண்டி சந்தையில் ஒரு சுற்றுக்கும் தாங்கவில்லை. மரத்தோணியின் பங்கோ அதற்குள் விலை ஏறியிருந்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் மறுபடி கடல் வேலைக்கு ஒரு கப்பல் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார். முன்பணமும் சேமிப்பும் சேர்ந்து, புறப்படும் முன்பே பங்கு திரும்பி வந்துவிட்டது.

“நான் காரத்தானண்ணே விக்கச் சொன்னேன்?” என்று தங்கை என்னிடம் கேட்டாள்.

“நீ காருன்னு சொல்லல. எப்படியோ வாங்குங்கன்னு சொன்ன.”

“ஒங்களுக்கு எல்லாமே கணக்குதான்,” என்று உள்ளே போய்விட்டாள். நான் சொன்னதில் பிழையில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்போது தோணியின் வரும்படி மாதந்தோறும் வருகிறது. கார் அவள் வீட்டுக் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கிறது. மாப்பிள்ளை கப்பலிலிருந்து பேசும்போதெல்லாம் பேட்டரி எத்தனை சதவீதம் என்று கேட்பார். அறுபதைத் தாண்ட விடாதே என்பார். போன வாரம் நானும் அங்கே இருந்தேன். சதவீதத்தைச் சொல்லி முடித்தவள் சட்டென்று, “அந்தப் பங்க வித்துட்டு வந்துருங்க,” என்றாள்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “நடுக்கடல்ல எறங்க முடியுமாளா?”

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, சார்ஜர் வயரைப் பிடுங்கக் கொட்டகைக்குப் போனாள்.