பாதி சிரிப்பு, பாதி முறைப்பு

அந்த வருடம் குற்றாலத்தில் சாரல் தொடங்கியபோது, அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். என்ன சண்டை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தென்காசித் தியேட்டர்களுக்கு சினிமா பேனர் எழுதுகிறவர்கள் இருவரும். எங்கள் வீட்டுப் பின்புற ஷெட்டில் தோளோடு தோள் உரச நின்று வரைந்தவர்கள். சண்டைக்குப் பிறகு சித்தப்பா தன் பிரஷ்களையும் பெயிண்ட் டப்பாக்களையும் தூக்கிக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் கதாநாயகனின் முகத்தை யார் பிரிப்பது? அது ஒரே சட்டத்தில் அடங்காது. துணி அடித்த இரண்டு பெரிய மரச்சட்டங்களைச் சேர்த்து நிறுத்தினால்தான் முழு முகம் வரும். இணைப்பு சரியாக மூக்கின் நடுவில் ஓடும். ஆளுக்கு ஒரு சட்டம் எடுத்து, அளவுக்காகக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டார்கள்.

இருவருக்கும் நடுவில் நான்தான் தபால். அப்போது மூன்றாம் வகுப்பு. "மூக்கு நுனி எந்தக் கட்டத்துல முடியுதுன்னு உங்க சித்தப்பன்ட்ட கேட்டுட்டு வா" என்பார் அப்பா. "ஏட்டி, அஞ்சாவது கட்டம்னு சொல்லு. ரோஸ் ரொம்பப் போட வேண்டாம்னும் சொல்லு" என்பார் சித்தப்பா. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. என்னைவிட உயரமான காது ஒன்று எங்கள் வீட்டிலும், இன்னொன்று அவர் வீட்டிலும் வளர்வதைப் பார்க்கிற பாக்கியம் வேறு யாருக்கு இருந்தது?

படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னால், குற்றாலம் ரோட்டில் சட்டங்களைச் சேர்த்து நிறுத்தினார்கள். அருவிக்குப் போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தியேட்டர் மேனேஜர்தான் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"என்ன அண்ணாச்சி இது? ஒரு பக்கம் சிரிக்கான், மறுபக்கம் முறைக்கான்."

படக் கம்பெனியிலிருந்து வந்த போட்டோக்களில் ஆளுக்கு ஒன்றை அவர்தான் கொடுத்திருந்தார். அப்பாவுக்குச் சிரிக்கிற போட்டோ, சித்தப்பாவுக்கு முறைக்கிற போட்டோ. மூக்கைப் பற்றி அத்தனை முறை கேட்டனுப்பியவர்கள், ஆள் சிரிக்கிறானா என்று கேட்கவே இல்லை.

யாராவது ஒருவர் மாற்றினால் போதும் என்றார் மேனேஜர். இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர்களை நம்பி இனிப் பலனில்லை, அடுத்த படத்துக்குத் திருநெல்வேலியில் ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று அவர் முனகியது எனக்கே கேட்டது. சட்டங்கள் தள்ளுவண்டியில் அவரவர் வீட்டுக்குத் திரும்பின.

அன்று மத்தியானம் அப்பா தன் பாதியின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஷெட் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன செய்கிறார் என்று பார்க்கும் ஆசையில் இடுக்கில் கண்ணை வைத்தேன், முதுகுதான் தெரிந்தது. சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். அங்கும் சாக்குப் படுதா தொங்கியது. என் கையில் யாரும் எந்தத் தகவலும் கொடுத்தனுப்பவில்லை.

மறுநாள் காலையில் சட்டங்கள் மறுபடி ஏறின. அப்பாவின் பாதி முறைத்தது. சித்தப்பாவின் பாதி பல் தெரியச் சிரித்தது.

அப்பா சித்தப்பாவின் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அப்பாவின் பாதியை.

"எதுக்குல மாத்துன?" என்று கேட்டார் அப்பா. என்னிடம் இல்லை, நேராக அவரிடமே.

"நீங்க மாத்த மாட்டியன்னுல்லா நெனச்சேன்" என்றார் சித்தப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

அப்பா சாரப் பலகையில் ஏறினார். சித்தப்பாவும் பின்னாலேயே ஏறினார். ஒரே போட்டோவை நடுவில் குத்திவைத்துக்கொண்டு, பலகை ஆட ஆட இருவரும் ஒரே முகத்தைச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன், இரண்டு பேரும் மறுபடியும் தப்பாக வரைந்துவிட்டார்கள் என்று. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உலையில் இன்னும் அரிசி போட்டாள். சித்தியையும் சாப்பிடக் கூப்பிட்டுவா என்றாள்.

ஒரே படத்தை இரண்டு முறை கெடுத்தவர்களுக்கு எதற்கு விருந்து என்று யோசித்துக்கொண்டே, நான் சித்தி வீட்டுக்கு நடந்தேன்.