வெள்ளிக்கிழமையும் மீன் குழம்பும்

புதுக்குடியிருப்பில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு சிறிய தையல் நிலையத்தில் எனக்கு வேலை. எல்லோரும் பெண்கள். மத்தியானத்தில் ஒரே நீள மேசையில் இருந்து, அவரவர் கறியை அடுத்தவரின் சாப்பாட்டுக் கோப்பையில் கேளாமலே போட்டுச் சாப்பிடுவோம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம்.

நான் சேர்ந்தது தவக்காலத்தில். முல்லைத்தீவுக் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. அந்த மேசையில் நான் ஒருத்திதான் வேதக்காரி. முதல் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பாரை மீன் குழம்பு, பக்கத்தில் பொரியல். மேசையில் கதை சட்டென்று நின்றது.

எங்கள் பொறுப்பாளர் அக்கா வட்டக்கச்சியில் வயல் செய்யும் குடும்பத்தவர். வெள்ளிக்கு வெள்ளி விரதம். மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, இண்டைக்கு வெள்ளியெல்லோ."

"ஓம் அக்கா, அதாலதான் மீன்."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளி என்றால் இறைச்சி இல்லை, அதனால் மீன். அவர்களுக்கு வெள்ளி என்றால் முட்டைகூட ஆகாது. "மீன் திண்டு ஒரு விரதமோ?" என்று பொத்தான் தைக்கிறவள் சிரித்தாள். அத்தோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மீன் கொண்டு வருகிறவர்கள் துணி வைக்கும் அறையில் சாப்பிடலாம் என்று தீர்மானமாயிற்று. கொண்டு வருகிறவர்கள் என்றால் நான். வெள்ளைத் துணிக் கட்டுகளோடு நான் பந்தியில் இருந்தேன். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. கதவிடுக்கால் அப்பளம் நீட்டினார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது.

"ஒரு நாளைக்கு மரக்கறி கொண்டு வாருமன்" என்றார்கள். கொண்டு வரலாம். என் மனிசன் கடலுக்குப் போகிறவர்; வீட்டில் கத்தரிக்காய்க்குத்தான் தட்டுப்பாடு. அது கிடக்கட்டும். அவர்களுடைய வெள்ளி விரதம், என்னுடைய வெள்ளி வெறும் நாற்றம் என்று ஆவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பங்குனியில், வேலைத்தலத்தில் சமத்துவம் பற்றிச் சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு பெண் வந்தார். அக்கா பெருமையோடு எழும்பினார். "எங்கட இடத்தில மத வேறுபாடே இல்லை. வேதக்காரப் பிள்ளைக்கெண்டு தனி அறையே குடுத்திருக்கிறம்."

வந்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு அவர் சொன்னதெல்லாம் மரியாதையாகத்தான் இருந்தது. ஆனாலும் அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

அடுத்த வெள்ளி நான் துணி அறைக்குத் திரும்ப, அக்கா கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிப் போனார். தன் பக்கத்தில் இருத்தி, ஒரு பார்சலைத் தானே பிரித்தார். கோழிப் புரியாணி! எனக்கென்று காசு கொடுத்து எடுப்பித்தது. சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். காலையிலிருந்து வெறுந் தேத்தண்ணியோடு இருந்த அக்கா மட்டும், கோழிக்காலுக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தார்.

"இஞ்ச இருந்து சாப்பிடும். இனி எல்லாரும் சமம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அக்கா, தவக்கால வெள்ளியில நாங்கள் இறைச்சி தொடுறேல்லை."

"ஐயோ கடவுளே, அப்ப இதை ஆர் சாப்பிடுறது?"

அதைத் தொட அந்த மேசையில் ஒருத்திகூட இல்லை. பசியோடு ஒரு கூட்டம், நடுவில் ஆவி பறக்கப் புரியாணி. பொத்தான் தைக்கிறவள் தொடங்கிவைக்க, மேசையே குலுங்கச் சிரித்தோம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப உமக்கு என்னதான் வேணும்? சொல்லும்."

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

"என்ர மீனோட இந்த மேசையில இருக்க வேணும், அக்கா. வேற ஒண்டுமில்லை."

"அந்த மணம் எனக்கு வயித்தைப் பிரட்டும், பிள்ளை. பொய் சொல்லமாட்டன்" என்றார். நான் என் பெட்டியைத் திறக்கவில்லை. அன்று அவர்களுடைய சோறுதான் எனக்கும்.

மறு வெள்ளி மேசையில் இருந்து என் பெட்டியைத் திறந்தேன். சூடை மீன் குழம்பு. அக்கா மூக்கைச் சுளிக்கக் கண்டு, பழக்கதோஷத்தில் நான் பாதி எழும்பிவிட்டேன்.

"நீர் ஏன் எழும்புறீர்?" என்று அதட்டினார். "விரதம் என்ர. நானெல்லோ தள்ளி இருக்க வேணும்."

கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய், ஒரே ஒரு கதிரை தள்ளி இருந்தார்.