மெழுகு தேய்த்த பலகை

என் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும் சர்ஃப் பலகையில் இன்னும் தேங்காய் வாசனை அடிக்கிறது. கால் வழுக்காமலிருக்கத் தேய்க்கும் மெழுகின் வாசனை அது. முதல் பூச்சு அக்காவின் கணவர், அத்திம்பேர் போட்டது. மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதுபோல வட்டம் வட்டமாகத் தேய்த்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கிய பலகை.

பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, அது இழுக்கிற இழுப்பில் அலைமேல் போகும் கைட் சர்ஃபிங் பைத்தியம் எங்களைப் பிடித்திருந்த காலம். பாதத்தை மாட்டிக்கொள்ளப் பட்டை வைத்த பலகையில் கற்பது சுலபம். நாங்கள் பிடிவாதமாகப் பட்டையில்லாத சர்ஃப் பலகையில் ஆரம்பித்தோம். விழுந்தால் பலகை தன் வழியே போய்விடும். பெசன்ட் நகர் தாண்டி ஆள் குறைந்த கரையில், சாயங்காலக் காற்றுக்கு, இரண்டு பேருக்கும் அந்த ஒரே பலகை. அவர் முறை வரும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டும் வந்தார்.

அக்கா அப்போது உண்டாகியிருந்தாள். ஒருநாள் காபி குடித்துக்கொண்டே அம்மாவிடம், "அத்திம்பேரும் கடல்ல இறங்கறார், தெரியுமோ?" என்றேன். சாஸ்திரத்தில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. அம்மாவுக்கு உண்டு என்பது தெரியும்.

"மாப்ளே, ஆத்துல பிள்ளைத்தாச்சி இருக்கச்சே சமுத்திர ஸ்நானம் கூடாது" என்றாள் அம்மா, அவர் வந்ததுமே. "சரி மாமி" என்றார் அவர். அவ்வளவுதான்.

அதன்பிறகும் என்னோடு கரைக்கு வந்தார். பட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்; நான் கட்டைவிரலை உயர்த்தியதும் விடுவார். நான் விழுந்தால், அலை தள்ளிவரும் பலகையைப் பேண்ட்டை மடித்துவிட்டு ஓடிப் பிடிப்பார். "முழங்கால் வரைக்கும் நனைஞ்சா ஸ்நானம்னு கணக்கில்லைடா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நான் பலகைமேல் நிற்கக் கற்றேன். வெட்கமாக இருக்கிறது. குழந்தை பிறந்த கையோடு அவருக்கு நாக்பூருக்கு மாற்றலாகிவிட்டது.

இந்த வாரம் விடுமுறைக்கு வந்திருக்கிறார். முதுகெலும்பில் தேய்மானம், இனி பலகை ஏறவே கூடாதாம். இப்போது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். நேற்று அவரே பலகைக்குப் புது மெழுகு தேய்த்து, என்னைக் கரைக்கு இழுத்துப் போனார். பட்டத்தை மாட்டிக்கொண்டதும், "அத்திம்பேர், அன்னிக்கு..." என்று தொடங்கினேன்.

"இறங்குடா, காத்து நன்னா இருக்கு" என்றார். "நான் மாமிகிட்ட சொல்லமாட்டேன்."

பட்டத்தின் ஓரத்தைப் பிடித்தபடி, என் கட்டைவிரலுக்காகக் காத்து நின்றார். எனக்குக் கை எழவில்லை.