சுவர் பார்த்து வைத்த ஒப்பாரி

சோவியத் காலத்தில், கிர்கிஸ் நாட்டின் நரின் ஆற்றங்கரை ஊரொன்றின் நீரேற்று நிலையத்தில் ஸூரகான் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். மணிக்கு ஒருமுறை அழுத்தமானியைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். மூத்தவன் தோல்குன் ஆப்கானிஸ்தான் போரிலிருந்து துத்தநாகப் பெட்டியில் வந்த பிறகு, கால் மணிக்கு ஒருமுறை பார்த்தாள். உட்கார முடியவில்லை.

பெட்டியைத் திறக்கக் கூடாது, கூட்டம் கூடாது, சாயங்காலத்துக்குள் புதைக்க வேண்டும் என்றார் உடன்வந்த அதிகாரி. அந்த ஊர் வழக்கப்படி கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூன்று நாள் ஒப்பாரி வைக்க வேண்டியவள், தலைத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வருஷம் கழித்து இளையவன் மீர்லானுக்குப் படையில் சேர உத்தரவு வந்தது. பையன்களை அந்தப் போருக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆறு தாய்மார்கள் சேர்ந்து மாஸ்கோவுக்கு மனு அனுப்பினார்கள். பதில் இல்லை. பையன்களைப் பேருந்தில் ஏற்றும் அன்று ஆள்சேர்ப்பு அலுவலக வாசலை மறிப்பதாகப் பேச்சு. வந்தது ஸூரகானும் பக்கத்து வீட்டுக் கலிபாவும்தான்.

“மத்தவளுங்க எங்கடி?” என்றாள் ஸூரகான்.

“ஒருத்திக்குக் காய்ச்சல். மூணு பேருக்குப் புருஷன்.”

மேஜர் பெய்ஷென் படியில் நின்று சிரித்தார். அவரும் உள்ளூர்க்காரர்தான். “அக்கா, இது போராட்டமா, இல்ல பஸ்ஸுக்கு நிக்கிறீங்களா?”

ஸூரகான் வாசலுக்கும் பேருந்துக்கும் நடையாய் நடந்தாள். இஞ்சின் உறுமியது. மீர்லான் ஜன்னலில் தலையை நீட்டினான். “வீட்டுக்குப் போம்மா. பசங்க பாக்குறானுங்க.”

அவள் திரும்பினாள். அலுவலகச் சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்தாள். இடுப்பில் இரு கையையும் ஊன்றினாள்.

“மூடி திறக்காம வந்தவனே,
முகம் காட்டாமப் போனவனே...”

கலிபா பதறினாள். “உசுரோட ஒருத்தன் கிளம்புறப்ப ஒப்பாரியா? ஆகாதுடி! நிறுத்து!”

“இது தோல்குனுக்கு. அன்னைக்கு விடலையே.”

எதிரே சந்தை. ஒப்பாரி கேட்டால் கடந்துபோக அங்கே எவருக்கும் கால் வராது. உள்ளே யாரோ செத்துவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கசாப்புக்காரர் ரத்தக் கையோடு ஓடி வந்தார். “என் ஈரக்குலையே!” என்று வழக்கப்படி கதறியபடி ஆண்கள் வந்தார்கள். குதிரையில் போன இரண்டு கிழவர்கள் இறங்கி, காவலுக்கு நின்ற சிப்பாயைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஒருவர் மேஜரின் கையைப் பிடித்தார். “யாருப்பா தவறினது? எப்போ?”

“யாரும் சாகல! போங்க எல்லாரும்!”

“சாவு வீட்ல நின்னுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?”

கலிபாதான் சொன்னாள். “தோல்குன். ரெண்டு வருஷமாச்சு. இப்போ தம்பியக் கொண்டு போறாங்க.”

யாரும் கலையவில்லை. பேருந்தின் முன்னால் முந்நூறு பேராவது இருக்கும். போலீஸ்காரர் இருவர் தொப்பியைக் கழற்றினார்கள். ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார்.

மதியம் மேஜர் அவள் பக்கத்தில் குந்தினார். “என்ன வேணும் அக்கா?”

“அந்தப் போருக்கு இவன் போகக் கூடாது. எழுதிக் கொடு.”

எழுதிக் கொடுத்தார். பேருந்திலிருந்த மற்ற பதினோரு பையன்களும் அன்று வீட்டுக்குப் போனார்கள். மறுவாரம் அவர்களைப் போருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மீர்லான் தன் இரண்டு வருஷப் படைச் சேவையில் வடக்கே தண்டவாளம் போட்டான். இரண்டு விரலைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தான்.

அந்த இரண்டு வருஷமும் ஸூரகான் கலிபாவை நச்சரித்தாள். “அன்னைக்கு ஒப்பாரியில என் வாயில மீர்லான் பேரு வந்துதா?”

“வரலடி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

அவன் வந்த பிறகும் கேட்டாள். இந்த மார்ச் மாதம், வயதாகி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, தன் காலடியில் மீர்லான் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்டாள்.