செம்பட்டியில் சந்திக்க வேண்டிய இரண்டு ஒளித்துளிகள்

செம்பட்டியில் உரக்கடைக்கு மேலே உள்ள அறையில் ஒன்றரை வருடமாகக் காத்திருக்கிறாள் வினோலியா. திண்டுக்கல்லில் ஒரு ஆய்வுக்கூடம், வத்தலக்குண்டில் இன்னொன்று. இரண்டிலும் காற்றில்லாப் பெட்டிக்குள் ஒற்றை அயனியைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு துளி ஒளியைக் கேபிளில் அனுப்பும். இரண்டும் ஒரே கணத்தில் செம்பட்டிக்கு வந்து, எது எந்த ஊர்த் துளி என்று சொல்ல முடியாதபடி கலந்துவிட்டால், தொடாமலே அந்த அயனிகள் பிணைந்துவிடும்! குவாண்டம் கணினிகளை வலையாக இணைக்க அதுதான் முதல் முடிச்சு.

அந்த முடிச்சு இன்னும் விழவில்லை. நாளைக் காலை கேபிள் கம்பெனி தன் கேபிளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஒன்றாவது விழாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

போன வாரம்தான் இரண்டு துளிகளின் நேரத்தையும் ஒத்துவரச் செய்திருந்தாள். உடனே சாலை வேலையில் வத்தலக்குண்டுப் பக்கக் கேபிள் அறுந்தது. முந்தாநாள் ஒட்டியும், திரையில் விழுந்த முடிச்சுகளின் எண்ணிக்கை பூஜ்யம். கண் எரிய, லைன்மேன் பொம்மையனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ஒட்டு சரியாத்தான இருக்கு?"

"எம்மேலயே சந்தேகமா பாப்பா? அம்புட்டு சுத்தம். அடுத்த தடவ ஜேசிபிக்காரன் அத்தாலும் இழுத்துக்கலாம்னு போஸ்ட்ல லூப் வேற தாராளமா சுத்தி விட்ருக்கேன்."

வினோலியா நிமிர்ந்தாள். "முன்னால இருந்ததவிட கூடவாண்ணே?"

"இருபது மீட்டர் கூட இருக்கும்."

"அதான்! வத்தலக்குண்டு வெளிச்சம் அந்த லூப்பச் சுத்திட்டு லேட்டா வருது."

"வெளிச்சத்துக்கு இருபது மீட்டர் ஒரு தூரமா? டவுன்பஸ்ஸா அது?"

"இதுக்குத் தூரந்தாண்ணே. சரியா எம்புட்டுன்னு பாத்துச் சொல்றீங்களா?"

"மறுபடி ஏறணுமா? முழங்காலு விட்டுப்போச்சு தாயி." பெருமூச்சு கேட்டது. "சரி, செத்த நேரம் பொறு. போறேன்."

போஸ்டில் ஏறி, கேபிள் மேல் அச்சடித்திருந்த மீட்டர் எண்களைப் பார்த்துச் சொன்னார்: இருபத்திரண்டு.

திண்டுக்கல் துளியை அவ்வளவுக்குத் தாமதமாக்கினாள். வினாடியில் கோடியில் ஒரு பங்கும் இன்னும் கொஞ்சமும், அவ்வளவே! பிறகு காத்திருந்தாள். லட்சக்கணக்கான துளிகள் வழியிலேயே தொலைந்தன. பொழுது சாயும்போது திரையில் பூஜ்யம் ஒன்றானது. செத்த நேரத்தில் இரண்டு.

திண்டுக்கல்லும் வத்தலக்குண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டு வாழ்த்திக்கொண்டிருந்தன. இரண்டு எண்ணுமே பிஸி. அவள் பொம்மையனைக் கூப்பிட்டாள்.

"கூடிருச்சுண்ணே. திட்டம் பொழச்சிருச்சு."

"அப்பாடா. சாப்டியா?"

"இல்லண்ணே."

"எறங்கி வா பாப்பா, முக்குல பரோட்டாக் கடையில நிக்கிறேன்."

"வாரேண்ணே," என்றாள். திரையை விட்டுத்தான் எழுந்திருக்க முடியவில்லை.