உவள் உதிலை வாறாள்

வெயிலில் சைக்கிள் ஓடும்போது தன் முகம் தனக்குத் தெரிவதில்லை. தண்ணீர் போதவில்லை, ஆள் விழப்போகிறாள் என்பதைப் பக்கத்தில் சைக்கிளில் வருகிறவள்தான் முதலில் காண்பாள். "முகம் நெருப்பாக் கிடக்கு, இறங்கடி" என்று என் சிநேகிதி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறாள். நான் எதிர்த்து வாய் காட்டிவிட்டுத்தான் இறங்குவேன்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவள் விஞ்ஞானம், நான் ஆங்கிலம். சித்திரை விடுமுறை வந்தால் குடாநாட்டைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றுவோம். பென்சன் எடுத்த பிறகும் விடவில்லை. இதுகளுக்கு விசர், தலை கழண்டுபோச்சு என்று ஊர் சொன்னது. பிறகு அவள் பேத்தியைப் பார்க்கக் கனடாவுக்குப் போனாள். ஆறு மாதம் என்றுதான் சொன்னாள். இப்போது அங்கேயே தங்கிவிட்டாள். மானிப்பாயில் என் வீட்டில் நானும் வானொலியும்தான்.

இந்தச் சித்திரையில் தனியே புறப்பட்டேன். சுற்றை முடிக்காமல் பஸ்ஸில் திரும்பினால், இனிச் சைக்கிள் சந்தைக்கும் சேர்ச்சுக்கும் மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அப்படியானால் வருடத்தில் எதிர்பார்க்க எனக்கு வேறு எதுவும் மிஞ்சாது.

அவள் சொல்லித்தந்த எல்லாவற்றையும் செய்தேன். சூட்டில் வெடிக்காமலிருக்க டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். நீளக் கைச் சட்டை, தாடையோடு கட்டிய தொப்பி, உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். விடியமுன் வெளிக்கிட்டு, உரும்பிராயில் மிளகாய்த் தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டிருந்த வாய்க்காலில் துவாயை நனைத்துக் கழுத்தில் போட்டேன். நெல்லியடியில் தேத்தண்ணிக் கடைக்காரர், "என்னம்மா, தனியவோ?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். என் தனிமையை ஒரு பிளேன் ரீயோடு கடைக்காரரிடம் ஒப்புவிக்க எனக்கு விருப்பமில்லை.

மருதங்கேணி வீதியில்தான் வெயில் என்னைப் பிடித்தது. இரண்டு பக்கமும் மணல், இளம்பனை வடலி, நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. போத்தல்கள் காலி. எதிரே வந்த ஒருவரிடம் கடை எங்கே என்று கேட்டேன். "உதிலைதான்" என்றார்.

எங்கள் ஊரில் 'இது' பக்கத்தில், 'அது' தூரத்தில். 'உது', 'உவள்' எல்லாம் இரண்டுக்கும் இடையில் எங்கேயோ. 'உதிலை' என்றால் அடுத்த வளைவாகவும் இருக்கலாம், அடுத்த ஊராகவும் இருக்கலாம். தெரிந்திருந்தும் நம்பி மிதித்தேன். கடை வரவில்லை. வியர்வை நின்றது. அந்த வெயிலிலும் கையில் மயிர் கூச்செறிந்தது. வியர்வை நின்றால் உடனே இறங்கு என்று அவள் சொல்வாள். இறங்கிச் சைக்கிளை உருட்டினேன். நாக்குக் குழறுகிறதா என்று பார்க்க வாய்விட்டுக் கதைத்துப் பார்த்தேன். சரியாகக் கதைக்கிறேனா என்று சொல்ல ஆளில்லை. நான் இங்கே விழுந்தால், வீட்டுப் படலை பூட்டிக் கிடப்பதை யார் கவனிப்பார்கள் என்று யோசித்தேன். சாகிற பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

வேலி ஒன்று தெரிந்தது. படலையடியில் நின்ற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் ஓடிவந்து சைக்கிளை வாங்கினாள். வேப்ப மரத்தின் கீழ் இருத்தி, தலையிலும் பிடரியிலும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள்.

"மெல்ல மெல்லக் குடியுங்கோ அன்ரி. தனியவோ வந்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. உவள் உதிலை வாறாள்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெயிலா, பழக்கமா, வெட்கமா தெரியவில்லை. அந்தப் பெண் உள்ளே போய் இரண்டு கிளாஸ் மோர் கொண்டுவந்தாள். ஒன்றை என் கையில் தந்தாள். மற்றதைத் தட்டால் மூடிப் படியில் வைத்தாள். பிறகு படலைக்குப் போய், நெற்றியில் கையை வைத்து வீதியைப் பார்த்தாள். நான் மோரைக் குடித்து முடித்தேன். அவள் இன்னும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அன்ரி, ஆளைக் காணேல்லை? வெயிலுக்கை எங்கையும் விழுந்திட்டாவோ?" என்றவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, மோட்டச்சைக்கிளை எடுங்கோ. அன்ரியோடை வந்தவவை ஒருக்காப் போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ."

சாரத்தை மடித்துக் கட்டியபடி அவர் வெளியே வந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகியது.

"தம்பி, போகாதேங்கோ" என்றேன். "ஒருத்தரும் வரேல்லை. அவள் கனடாவிலை. இனி வரமாட்டாள். நான் தனியத்தான் வந்தனான்."

அதை ஒருவருக்கும் நான் அதுவரை சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போனார். அந்தப் பெண் படியில் இருந்த கிளாஸைத் தூக்கி, மூடியிருந்த தட்டை எடுத்தாள்.

"அப்ப இதையும் நீங்கள்தான் குடிக்கவேணும் அன்ரி. வெயில் தாழ வெளிக்கிடலாம்."

இரண்டு பேருக்கான மோரையும் குடித்துவிட்டு, வெயில் தாழ மிச்சத் தூரத்தையும் சைக்கிளில் ஓடி முடித்தேன்.