வெள்ளரிப் பாத்திக்கு வெளியே

எங்கள் ஊரில் ஒருத்திக்கு இந்த மாதம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கோடையில் கண்மாய்ப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்தால் போதும். நான் சொல்வது, சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு வந்த வறட்டு வருஷங்களை.

கண்மாய் மாசியிலேயே வற்றிவிடும். நெல்லைக் கருகவிட்ட அதே கண்மாய் அடிவண்டலில் மட்டும் கொஞ்சம் ஈரம் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரத்தை ஊரார் பங்கு போட்டுக்கொண்டு வெள்ளரி, வெண்டை, கொத்தவரை, கீரை என்று கோடை வெள்ளாமை போடுவார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு. எந்தப் பங்கு யாருக்கு என்று பார்க்க, பங்குகளை ஓலை நறுக்குகளில் குறித்து, குடத்தில் போட்டுக் குலுக்கி, அந்தந்த வீட்டுப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளை கை சுத்தமான கை என்று ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டுக்கு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிய பிள்ளை எடுத்தது. எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் முடிந்திருந்தது. குடத்துக்குள் அந்தப் பிள்ளை கையை விட்டபோது கூட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை.

வெள்ளரிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்குத் தூரமான பெண் பாத்திக்குள் இறங்கக்கூடாது, இறங்கினால் கொடி வாடிவிடும் என்பார்கள். சரி, வீட்டிலாவது கிடக்கலாமா என்றால் அதுவும் கிடையாது. தூரமானவள் வீட்டிலும் ஒன்றையும் தொடக்கூடாதாகையால், அந்த மூன்று நாளும் கண்மாய்க் கரையில் பனைமரத்தடியில் உட்கார்ந்து ஆடு விரட்ட வேண்டும். பாத்திக்குத்தான் ஆகாதவள், ஆட்டுக்கு ஆவாள். கரை உயரம். உள்ளே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் மேலே உட்கார்ந்திருப்பவள் தெரிவாள். மூன்று பிள்ளை பெற்றவள் உட்கார்ந்தால் அது ஓய்வு. நான் உட்கார்ந்தால் அது ஊருக்குச் சேதி.

அந்த வருஷம் சேதிக்கு ஒரு கெடுவும் இருந்தது. பங்கு கிடைத்த அன்றே மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். நாங்கள் மாமியாரை அயித்தை என்றுதான் கூப்பிடுவோம். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"இந்தா பாரு. வெள்ளரி முடியிற மட்டும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு நல்ல சேதி இல்லைன்னா அரிமளத்துப் புள்ளையக் கேட்டு வெத்தல பாக்கு மாத்திருவேன். நீயும் இங்கிட்டே இருந்துக்க, ஒன்னைய யாரும் போகச் சொல்லல. மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

வயிற்றில் ஒன்றும் இல்லாதவள் மனசிலும் ஒன்றும் வைத்துக்கொள்ளக்கூடாதாம். இரண்டாம் தாரம் கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். வந்திருக்கலாம். எங்கள் கண்மாய் வரைக்கும் அது வரவில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். கருவை முள்ளை வெட்டிப் பங்கைச் சுற்றி வேலி அடைத்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, என்னை ஒருநாள் கை நீட்டி அடித்ததில்லை. "நான் என்ன செய்ய, ஆத்தா சொல்லுது" என்று சொல்லிவிட்டு அடுத்த முள்ளை இழுத்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் பங்கின் நடுவில் ஊற்றுத் தோண்டினார். ஆள் இறங்கி நின்றால் தலை மறையும் ஆழம். அடியில் தண்ணீர் கசிந்து கசிந்துதான் ஊறும். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிறைப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். ஆட்டுப் புழுக்கையும் மண்ணும் கலந்து குழி போட்டு, குழிக்கு நாலைந்து விதை ஊன்றி, காலையும் சாயங்காலமும் ஊற்றினோம். அயித்தை தண்ணீரில் கருமி. குழிக்கு ஒரு கை ஊற்றினால் அடுத்த கைக்கு அதட்டுவாள். விதை முளைத்தது. அந்த மாதமும் நான் கரையில் உட்கார்ந்தேன். முளைத்த கொடியைப் பார்த்துச் சந்தோஷப்பட ஆளில்லை, என்னைப் பார்த்து உச்சுக்கொட்டத்தான் ஆள் இருந்தது.

அதற்கடுத்த முறை நாள் தள்ளிப்போனது. முதலில் நானே கவனிக்கவில்லை. காலையில் கம்பங்கூழ், ராத்திரி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தண்ணீர். அந்த உடம்பு என்ன கணக்கில் ஓடியதோ. ஆனால் கண்மாய் கவனித்தது. பக்கத்துப் பங்குக்காரியை நான் மதினி என்று கூப்பிடுவேன். யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவளுக்குத்தான் முதலில் மூக்கில் வேர்க்கும். ஒருநாள் வரப்பு ஓரமாக வந்து நின்றாள்.

"என்னத்தா, கரைப்பக்கமே காணோம்? தெனமும் எறங்குற?"

"எறங்காம? தண்ணிய யாரு ஊத்துறது, நீங்களா?"

"நான் ஊத்துறேன்டி. சொல்லு, நெசந்தானா?"

நான் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் கண்மாய் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் இறங்கினபோது ஒரு கிழவர் எனக்கு வழிவிட்டு நின்றார். அதுவரை எந்த ஆம்பிளையும் எனக்கு வழிவிட்டதில்லை.

அயித்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் குடத்தை இடுப்பில் வைக்கப் போனேன், பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து ஊற்றுக்குள் இறங்கி மொள்வது மட்டும் என் வேலை, குளிர்ச்சியாக இருக்குமாம். குடம் சுமப்பதெல்லாம் அவள். அறுபதை நெருங்கிய உடம்பு, மூச்சு வாங்கும், ஆனாலும் வாய் ஓயாது. கொடியோடு பேசுவாள், காக்காயைத் திட்டுவாள், எனக்குப் புளியங்காய் பறித்து வந்து மடியில் போடுவாள். அரிமளத்துப் பேச்சை எடுக்கவே இல்லை. இப்படிச் சிரிக்கத் தெரிந்தவள் நாலு வருஷமாக அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று எனக்குக் கோபம் கூட வந்தது. கோபத்தோடு கோபமாக ஆசையும் வந்தது. ராத்திரி படுத்தால் கை தானாக வயிற்றுக்குப் போகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெயர் கூட யோசித்து வைத்தேன்.

சித்திரையில் கொடிகளில் பிஞ்சு இறங்கியது. முதல் பிஞ்சு அய்யனாருக்கு. அதை யாரும் பறிக்கமாட்டார்கள், விரல் நீட்டிக் காட்டக்கூட மாட்டார்கள், காட்டினால் வெம்பிவிடும் என்று பயம். மேலே இலையைப் போட்டு மூடி வைத்திருந்தோம். ஒருநாள் மதியம் அயித்தை அந்த இலையை விலக்கினாள். பிஞ்சைக் கிள்ளி முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தாள்.

"அயித்தே, சாமிக்கு விட்டது."

"சாமி பொறுத்துக்கும். வயித்துல இருக்குறது பொறுக்காது. தின்னு ஆத்தா."

ஆத்தா என்றாள். அந்த வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். உப்புக்கூட இல்லை. காம்புப் பக்கம் லேசாகக் கசந்தது, அதையும் தின்றேன். நான் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கொளுத்தியது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மதியம் ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பறிப்புத் தொடங்கி அன்னவாசல் சந்தைக்கு இரண்டு கூடை போயிருக்கும். ஒரு காலையில் ஊற்றுக்குள் நின்று மொண்டுகொண்டிருந்தேன். அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. குளிர்ந்த தண்ணீரில் நின்றதால் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது முறை பிடித்தபோது நினைப்பதற்கு ஒன்றும் இல்லை, தெரிந்துவிட்டது. அது பிள்ளையாக இருந்து போனதா, பட்டினியில் தள்ளிப்போனது திரும்பி வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்போது டாக்டரும் இல்லை, பிறகு தைரியமும் இல்லை.

பள்ளத்துக்குள் என்னை யாருக்கும் தெரியாது. மேலே வானம் மட்டும். குடம் பாதி நிறைந்திருந்தது. மீதியையும் மொண்டு நிறைத்தேன். எதற்கு நிறைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பாதிக் குடத்தை வைத்துவிட்டு ஏற மனசு வரவில்லை. பிறகு குடத்தை மேட்டில் வைத்துவிட்டு ஏறினேன். சேலையைப் பிடித்துக்கொண்டு, கொடி எதன்மீதும் படாமல், வரப்போடு நடந்தேன். கரை தூரம். ஒவ்வொரு பங்காகத் தாண்டத் தாண்ட அங்கங்கே குடச் சத்தம் நின்றது. மதினி ஏதோ கேட்க வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அப்போதுதான். பனைமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து அயித்தை தெரிந்தாள். பங்கின் கோடியில் ஒரு குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். கை ஊற்றிக்கொண்டே இருந்தது. குழி நிறைந்து வழிந்து, தண்ணீர் பாத்தியைத் தாண்டி வெறும் நடைபாதையில் ஓடியது. குடம் காலியான பிறகும் அதைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றாள். ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. பாத்திக்குள் இறங்கக்கூடாதே.

அடுத்த வாரம் ஊற்று வற்றியது. அவர் இன்னும் ஒரு முழம் தோண்டினார், களிமண்தான் வந்தது. எல்லார் ஊற்றும் அந்த வாரம்தான் வற்றியது, எல்லார் கொடியும்தான் சுருண்டது. ஆனால் மற்றவர்கள் கொடி வெயிலில் வாடியது, எங்கள் கொடி நான் இறங்கி வாடியது. ஊரில் இன்னொரு கதையும் கிளம்பியது. சாமிக்கு விட்ட பிஞ்சை நான் ஆசைப்பட்டுத் தின்றுவிட்டேனாம், அதனால்தான் வயிற்றில் தங்கவில்லையாம். மதினி இதை எங்கள் வாசலில் நின்றே சொன்னாள். அயித்தை உள்ளே பானை கழுவிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். பானையைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான்.

ஆவணியில் கல்யாணம். அய்யனார் கோவிலில் மாலை மாற்றி வீட்டில் சாப்பாடு. நான்தான் பரிமாறினேன். அரிமளத்துப் பெண்ணுக்குப் பதினேழு வயது இருக்கும், ஒடிசலான உடம்பு. என்னை அக்கா என்று கூப்பிட்டாள். அவளைத் திட்ட வேண்டும் என்று பல நாள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். நெற்றியில் வியர்வையோடு, என்னை முந்திக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போகிறவளை எப்படித் திட்டுவது? எல்லாம் வீணாகப் போயிற்று.

மறு வருஷமும் மழை இல்லை. மாசியில் மறுபடி குடம் குலுக்கினார்கள், மறுபடி இரவல் பிள்ளை. மறுபடி அவர் ஊற்றுத் தோண்டினார். நானும் இளையவளும் மொண்டோம், அயித்தை கை ஊற்றுவதை அளந்துகொண்டு நின்றாள். பங்குனியில் இளையவள் மூன்று நாள் கரையில் உட்கார்ந்தாள். புதுப்பெண்தானே என்றார்கள். அடுத்த மாதமும் உட்கார்ந்தாள். அப்போது புதுப்பெண் என்ற பேச்சு எழவில்லை.

அதற்கடுத்த மாதம் அவளுக்கும் எனக்கும் ஒரே நாளில் வந்தது. பனைமரத்தடியில் ஒருத்திக்குத்தான் நிழல், நான் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன். கீழே அத்தனை பெரிய கண்மாயில் எங்கள் பங்கில் மட்டும் அயித்தை தனியாகக் குடம் சுமந்தாள். வேலை செய்தவர்கள் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஊற்றுக்குள்ளிருந்து குடத்தை எடுத்துக் கொடுக்க ஏறி, தலை மட்டும் தெரிய நின்றிருந்த அவரைப் பார்த்தார்கள். அவர் குனிந்துகொண்டார். தலையும் தெரியவில்லை. பார்த்தவர்களும் குனிந்து அவரவர் கொடிக்குத் தண்ணீர் விடத் தொடங்கிவிட்டார்கள். ஆம்பிளையை அதற்கு மேல் பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

அன்று காலைதான் அயித்தை அன்னவாசல் பக்கம் பெண் கேட்க ஒரு இடம் இருப்பதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது. இளையவளுக்கும் கேட்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, அடுத்த வருசம் இங்க எத்தன பேரு ஒக்காந்திருப்போம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை.

அந்நேரம் வேலியில் சந்து கண்டுபிடித்து ஒரு வெள்ளாடு எங்கள் பங்குக்குள் நுழைந்தது. இலையை ஒதுக்கிவிட்டு, அய்யனாருக்கு மூடி வைத்திருந்த பிஞ்சைத்தான் முதலில் கடித்தது. ஆடு விரட்டும் குச்சி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அயித்தை கீழேயிருந்து கத்தினாள், "அடியே, ஆடுடி, ஆடு!" இரண்டு பேரும் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.